சுவிட்ச் போடாமல்

சீட்டு விழுந்தது வெள்ளிக்கிழமை.
ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்.
சனி காலை ஸ்ரான்லி வீதிக் கடையில் நின்றேன்,
கைப்பையில் காசு, காசோடு
தையல் பெட்டியில் இருந்து எடுத்த அளவுநாடா.

"வீட்டுக்கோ, மேடைக்கோ?" என்றான் கடைப் பெடியன்.
இரண்டுக்கும்.
"அப்பிடியெண்டா ரெண்டு வாங்குங்கோ அன்ரி."
சிரித்தான். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தான்.

வீடு என்றால் குருநகரில் ஒரு மேல்மாடி,
பதினேழு படி, எட்டாவதில் ஒரு திருப்பம்.
கீழே எமிலியானா,
பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை.
மகள் பள்ளிக்கூடம் போனபின்
ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை எனக்குக் கிடைக்கும்.
அவளுக்கு அதுதான் நடுச்சாமம்.

மேடை என்றால்
கல்யாண மண்டபம், பெருநாள் கொட்டகை,
ஒருமுறை சுன்னாகத்தில் ட்ரக்டர் பெட்டி.
ஏற்றி இறக்க நிக்சனின் ஓட்டோ.
பின்சீற் நாலடி, நேற்றே அளந்தாயிற்று.
மூலைக்கு மூலை வைத்தால் கொஞ்சம் கூட வரும்.

என்னிடம் இருப்பது அறுபத்தொரு கட்டை.
மேலிருந்து மூன்றாவது கறுப்புக்குச் சத்தமில்லை.
இரண்டு வருடமாக அதைச் சுற்றிப் போகிறேன்,
நடுறோட்டில் படுத்திருக்கிற
மாட்டைச் சுற்றிப் போவதுபோல.

முதலாவது பியானோவைக் காட்டினான்.
எழுநூறு ஓசை.
மழை பெய்யும், குதிரை ஓடும்,
கைதட்டல்கூட உள்ளேயே இருக்கிறது.
கட்டை மட்டும் வெறும் பிளாஸ்ரிக்.
தடவினாலும் குத்தினாலும் ஒரே பதில்,
கந்தோரில் யன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவரைப்போல.

இரண்டாவது மரப்பெட்டி, மூன்று பெடல்.
இருந்தவுடன் முதுகு தானாக நிமிர்ந்தது.
கதவு சாத்தினதுபோல் ஒரு கீழ்ச்சுரம்.
"எவ்வளவு பாரம்?"
"முப்பத்தெட்டுக் கிலோ."
எட்டாவது படியின் திருப்பத்தை நினைத்தேன்.
எழும்பிவிட்டேன். விலை கேட்கவில்லை.

மூன்றாவது மெலிந்த கறுப்பு.
எண்பத்தெட்டுக் கட்டை, பதினொரு கிலோ,
கீழே பாரம், மேலே போகப் போக இலேசு.
நாலடி நாலங்குலம்.
குனிந்து பின்பக்கம் பார்த்தேன்.
சவுண்ட்காரருக்குக் கொடுக்கத் தனித்துளை இல்லை,
ஹெட்போன் துளை ஒன்றுதான்.
அதில் வயர் குத்தினால் இதன் சொந்த ஸ்பீக்கர் வாய்மூடும்.
மேடையில் என் வாசிப்பு எனக்கே கேட்காது.
பரவாயில்லை,
கல்யாண வீட்டில் வேறு யாருக்குத்தான் கேட்டது.

காட்சிக்கு வைத்தது, ஓரத்தில் கீறல்,
ஒன்று தொண்ணூற்றைந்து என்றார் முதலாளி.
பெடியன் சத்தத்தை முழுக்கக் கூட்டினான்.
தெருவில் சைக்கிளோடு போனவர் கால் ஊன்றிப் பார்த்தார்.

நிப்பாட்டு தம்பி என்றேன்.
முழுக்க நிப்பாட்டு. சுவிட்சை.

கரண்ட் இல்லாத கட்டைகளில்
ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன்.
தொக். தொக்தொக். தொக்.
இடக்கை மட்டும் இன்னொரு முறை,
மேசைப் பலகையில் காதை வைத்து.
பெடியன் என்னைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான்.
எமிலியானாவின் தலைக்குமேல்
இறங்கப்போகிற பாட்டு இதுதான்.
மெத்தென்றுதான் இருந்தது.
ஆனால் இருந்தது.

ஸ்ராண்ட் இல்லாமல், பெடலோடு,
ஒன்று எண்பத்தைந்துக்கு முடிந்தது.
ஓட்டோவுக்குக் காசு இல்லை, நிக்சனுக்குக் கடன்.
வெளியே நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு
"சவப்பெட்டி மாதிரிக் கிடக்கு, மெல்லமாப் போறன் அக்கா" என்றான்.

இப்போது அது அயன் பண்ணுகிற மேசையில் இருக்கிறது.
மேசைக்காலுக்குக் கீழ் சாக்கு, சாக்குக்குக் கீழ்
கார் விரிப்பு ரப்பர்.
சட்டைகளைக் கட்டிலில் போட்டு அயன் பண்ணுகிறோம்.
எல்லாக் கறுப்பும் பேசுகிறது.
விரல்தான் இன்னும் சுற்றிப் போகிறது,
மாடு எப்போதோ எழும்பிப் போய்விட்டது.

வியாழன் பின்னேரம் படியடியில் எமிலியானா,
வேலைக்கு வெளிக்கிட்டு, வெள்ளைச் சப்பாத்தோடு.
சத்தம் கேட்குதோ என்றேன்.

"செவ்வாய்க்கிழமை ஒரே இடத்தில
அஞ்சுதரம் தடக்குப்பட்டனீங்கள்.
ஆறாந்தரம் சரிவந்த பிறகுதான்
நான் கண் மூடினது."